வெங்காயத் தோல வெச்சு அலுமினியம் அரிக்கிறத மெதுவாக்குறது: முதல் தடவை டெஸ்ட் பண்றவங்களுக்கு

நம்ம வீடுகள்ல சின்பவுங், அதாங்க புளிச்சகீரை, டான் சட்டியில, அதாவது அலுமினியச் சட்டியில, கொதிக்க வெச்சுட்டு மறுநாள் சட்டிய கழுவிப் பாத்திருக்கீங்களா? குழம்பு நின்ன மட்டம் வரைக்கும் உள்பக்கம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், அதுக்கு மேல பழைய மங்கல் அப்படியே இருக்கும், நடுவுல ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி தெரியும். அம்மா "கீரை சட்டிய சுத்தம் பண்ணிடுச்சு"ம்பாங்க. உண்மையில கீரையில இருக்கற புளிப்பு அலுமினியத்து மேல இருந்த ஆக்சைடு படலத்த கரைச்சு எடுத்துருச்சு, கூடவே கொஞ்சம் அலுமினியமும் குழம்போட போயிருச்சு. இதே வேலைய ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பத்து மடங்கு வேகத்துல இல்ல, இன்னும் பல மடங்கு வேகத்துல பண்ணும். அந்த வேகத்த குறைக்க ஆசிட்லயே கொஞ்சம் ஆர்கானிக் பொருள கலந்து விடறதுக்குப் பேருதான் இன்ஹிபிட்டர் போடறது. மியான்மர்ல, யாங்கோன்ல நான் வேலை பாக்குற சின்ன லேப்புக்கு ப்ராஜெக்ட் பண்ண வர்ற தம்பி தங்கச்சிங்க முக்காவாசி பேரு இதத்தான் எடுக்கறாங்க, ஏன்னா செலவு கம்மி, மெஷின் வேண்டாம். வந்ததும் கேக்கற முதல் கேள்வி "அண்ணா எந்த இலை போட்டா நல்ல பர்சன்டேஜ் வரும்", அதாவது அரிப்பு எத்தன சதவீதம் குறையும்னு. நான் சொல்றது, இலைய அப்புறம் பாப்போம், எதுவும் போடாத வெறும் ஆசிட்ல மூணு தகட்டப் போட்டு, முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு, எடை குறைஞ்சது மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் வர வெச்சுக் காட்டு. அது வராதவரைக்கும் நீங்க எந்த இலைய போட்டாலும் அதுல வர்ற நம்பருக்கு அர்த்தமே கிடையாது. இந்த கட்டுரை முழுக்க நான் சுத்திச் சுத்தி சொல்லப் போறது அதுதான், எரிச்சலா இருந்தா இங்கயே நிறுத்திக்கலாம்.

எதனால அரிக்குது, எதனால நிக்குது

அலுமினியம் காத்துல பட்ட உடனே அது மேல சில நேனோமீட்டர் தடிமன்ல ஒரு ஆக்சைடு தோல் வளந்துரும். தண்ணியோட பிஎச் சுமாரா 4ல இருந்து 8.5க்குள்ள இருக்கறவரை அந்தத் தோல் கெட்டியா நிக்கும். அதுக்குக் கீழ போனாலும் கரையும், மேல போனாலும் கரையும், அதனாலதான் காஸ்டிக் சோடாவும் அலுமினியத்துக்கு ஆசிட் அளவுக்கே எமன். தோல் போன பிறகு ரெண்டு அலுமினிய அணுவுக்கு மூணு ஹைட்ரஜன் மூலக்கூறுன்னு கணக்கு போட்டு குமிழ் குமிழா வரும்.

இன்ஹிபிட்டர் பண்ற வேலை என்னன்னா, தகட்டு மேல போய் ஒட்டிக்கிட்டு ஆசிட் தொடற இடத்த குறைக்கிறது, அவ்வளவுதான். நைட்ரஜன், ஆக்சிஜன், சல்பர் இருக்கற மூலக்கூறுகள், கூடவே பென்சீன் வளையம் மாதிரி தட்டையான அமைப்பு இருக்கறதுங்க நல்லா ஒட்டும், ஏன்னா அதுங்ககிட்ட பங்கு போட்டுக்க எலக்ட்ரான் இருக்கு. வெங்காயத் தோல்ல குவர்செட்டின், மருதாணியில லாசோன், கொய்யா இலையிலயும் தேயிலையிலயும் டானின் வகையறா, வெத்திலையில ஹைட்ராக்ஸிசவிக்கால்னு ஒரு ஃபீனால். நம்ம ஊர்ல இதுல எதுக்கும் பஞ்சம் இல்ல, வெத்திலைக் கடை இல்லாத தெருமுனை எங்க இருக்கு சொல்லுங்க. ரெடிமேட் கெமிக்கலா வேணும்னா ஹெக்ஸமைன் கிடைக்கும், பாய்லர் துலக்கற ஆசிட்ல இரும்பக் காப்பாத்த ரொம்ப காலமா போடறது. தயோயூரியாவும் நல்லா வேலை செய்யும், ஆனா அது கேன்சர் சந்தேகம் உள்ள பொருள், முதல் தடவை செய்யறவங்க கையில நான் குடுக்க மாட்டேன்.

நான் வெங்காயத் தோல வெச்சு சொல்றேன். காரணம் சுலபம், டான்பவு கடைங்கள்ல, அதான் பிரியாணிக் கடைங்கள்ல, மூட்டை மூட்டையா தூக்கி எறியறாங்க, கேட்டா சிரிச்சுக்கிட்டே குடுப்பாங்க. (டான் சட்டியில ஆக்கறதால டான்பவுன்னு பேரு வந்துச்சுன்னு என் சித்தப்பா ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருந்தாரு, அது பாரசீக தம் பிரியாணிப் பேரு திரிஞ்சு வந்தது, அலுமினியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.) ஒரு வீசை வெங்காயத்துக்கு, அதாவது 1.6 கிலோ சொச்சத்துக்கு, தோல் ஒரு கைப்பிடிதான் தேறும், அதனால கடையில கேக்கறதுதான் புத்திசாலித்தனம்.

தகடு

பாத்திரம் அடிக்கிற கடையில வெறும் அலுமினிய ஷீட் ஒரு மில்லிமீட்டர் தடிமன்ல வாங்குங்க. கூல்டிரிங்ஸ் கேன் வேண்டாம், உள்ள பிளாஸ்டிக் கோட்டிங் இருக்கும். கலர் கலரா வர்ற அனோடைஸ் பண்ண சாமானும் வேண்டாம், ஆக்சைடு தோல தடிமனா வளத்து வெச்சிருப்பாங்க. சமையல் ஃபாயில் ரொம்ப மெலிசு, ஓட்டை விழுந்துரும். ஒரே ஷீட்டுல இருந்து எல்லா தகட்டையும் வெட்டணும், இது முக்கியம், ஏன்னா அலுமினியத்துல கலந்திருக்கற இரும்பும் செம்பும்தான் ஹைட்ரஜன் வர்றதுக்கு வழி பண்ணிக் குடுக்குது, ரெண்டு ஷீட்டுல அந்தக் கலப்படம் வேற வேற அளவுல இருந்தா நீங்க அளக்கறது இலைய இல்ல, ஷீட்ட.

3 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வெட்டுனா ரெண்டு முகமும் சேத்து 12, நாலு ஓரமும் சேத்து 1, மொத்தம் 13 சதுர சென்டிமீட்டர். எடை ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல வரும். மூலையில சின்ன ஓட்டை போட்டு நைலான் நூல்ல தொங்க விடுங்க. செம்புக் கம்பி, இரும்புக் கம்பி எதுவும் கூடாது, ரெண்டு உலோகம் தொட்டுக்கிட்டு ஆசிட்ல இருந்தா அலுமினியம் தனியா இருக்கறதவிட வேகமா போகும்.

எமரி பேப்பர் 220ல ஆரம்பிச்சு 400, 600, 800, முடிஞ்சா 1000 வரைக்கும் தண்ணி விட்டுத் தேய்ங்க. ஒவ்வொரு நம்பருக்கும் தகட்ட 90 டிகிரி திருப்பித் தேய்ச்சா முந்தின கீறல் போயிருச்சான்னு கண்ணுக்கே தெரியும். இரும்பு தேய்ச்ச பேப்பர எடுக்காதீங்க, இரும்புத் தூள் அலுமினியத்துல குத்தி உக்காந்துரும், அப்புறம் அந்த இடத்துல மட்டும் குழி குழியா விழும். தேய்ச்சதும் தண்ணியில அலசி, அசிட்டோன்ல முக்கி, காய வெச்சு, அதுக்கப்புறம் விரல் படக்கூடாது, ட்வீஸர்தான். தேய்ச்சதுல இருந்து ஆசிட்ல போடற வரைக்கும் உள்ள நேரத்த எல்லா தகட்டுக்கும் ஒண்ணா வெச்சுக்குங்க, ஒண்ண அரைமணி நேரத்துலயும் இன்னொண்ண மறுநாளும் போட்டா தோல் வித்தியாசமா இருக்கும்.

எடை தராசு 0.1 மில்லிகிராம் காட்டறது இருந்தா ராஜா. இல்லன்னா நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கற 1 மில்லிகிராம் தராசுல சமாளிக்கலாம், ஃபேன ஆஃப் பண்ணிட்டு. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க, 40 மில்லிகிராம் குறையற இடத்துல 1 மில்லிகிராம் தப்பு பெருசில்ல, 5 மில்லிகிராம் குறையற இடத்துல அதே 1 மில்லிகிராம் அஞ்சுல ஒரு பங்கு.

ஆசிட்

கண்ணாடி போட்டுக்குங்க, கையுறை போட்டுக்குங்க, ஜன்னல தொறந்து வைங்க, பக்கத்துல சிகரெட், அடுப்பு கூடாது, வர்றது ஹைட்ரஜன். கான்சன்ட்ரேட்டட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அந்த 37 சதவீதம் போட்ட பாட்டில், சுமாரா 12 மோலார் இருக்கும். அதுல 42 மில்லிய எடுத்து, பாதிக்கு மேல தண்ணி இருக்கற ஃபிளாஸ்க்ல மெதுவா ஊத்தி, ஒரு லிட்டர் ஆக்குனா 0.5 மோலார். தண்ணியில ஆசிட், ஆசிட்ல தண்ணி இல்ல. பாத்ரூம் கழுவற மஞ்சள் ஆசிட்ட வெச்சு செய்யலாமான்னு கேக்கறவங்க உண்டு. அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பு, ஸ்ட்ரெங்த்தும் பாட்டிலுக்கு பாட்டில் மாறும், வேண்டாம். 0.5 மோலார விட காட்டமா ஆரம்பத்துல போகாதீங்க, காட்டமான ஆசிட்ல அலுமினியம் சூடாகி, சூட்டுல இன்னும் வேகமாகி, நுரை பொங்கி மேசைக்கு வந்துரும்.

ஒரு தகட்டுக்கு எவ்வளவு ஆசிட்? சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லியாவது இருக்கணும், அதாவது நம்ம தகட்டுக்கு 260, ரவுண்டா 300 மில்லி வைங்க. 40 மில்லிகிராம் அலுமினியம் கரைஞ்சா 300 மில்லியில இருக்கற ஆசிட்ல 3 சதவீதம்தான் செலவாகும். அதே தகட்ட 30 மில்லியில போட்டுப் பாருங்க, மூணுல ஒரு பங்கு ஆசிட் காலி, கடைசி அரைமணி நேரத்துல அரிப்பு குறையும், நீங்க ஏதோ இலைதான் குறைச்சுச்சுன்னு நெனச்சுப்பீங்க.

எக்ஸ்ட்ராக்ட்

வெங்காயத் தோல நிழல்ல காய வெச்சு மிக்ஸியில பொடி பண்ணி, 5 கிராம் பொடிய 500 மில்லி 0.5 மோலார் ஆசிட்ல போட்டு, ரிஃப்ளக்ஸ் கண்டென்ஸர் (ஆவிய குளிர வெச்சு திரும்ப உள்ளயே விழ வைக்கிற குழாய்) வெச்சு 3 மணி நேரம் மெதுவா சூடு பண்ணி, ஆற வெச்சு ஃபில்டர் பண்ணுங்க. இப்ப லிட்டருக்கு 10 கிராம்னு எழுதிடாதீங்க. 5 கிராம்ல எவ்வளவு கரைஞ்சுச்சு? ஃபில்டர் பேப்பர்ல மிச்சம் நின்ன சக்கைய காய வெச்சு எடை போட்டுக் கழிங்க, 2 கிராம்தான் கரைஞ்சிருந்தா உங்க ஸ்டாக் லிட்டருக்கு 4 கிராம். அதுல இருந்து அதே 0.5 மோலார் ஆசிட்ட விட்டு லிட்டருக்கு 0.1, 0.2, 0.5, 1 கிராம்னு நாலு கரைசல் ஆக்குங்க.

ஏன் ஆசிட்லயே எடுக்கணும், வெறும் தண்ணியில டீ மாதிரி கொதிக்க வெச்சு ஊத்துனா ஆகாதான்னா, ஆகும், ஆனா 100 மில்லி தண்ணிக் கஷாயத்த 200 மில்லி ஆசிட்ல ஊத்துனா ஆசிட்டே மூணுல ரெண்டு பங்கா நீத்துப் போயிடுது. அரிப்பு குறையத்தான் செய்யும், பச்சத் தண்ணிய ஊத்திருந்தாலும் குறைஞ்சிருக்கும். அப்படித்தான் செய்யணும்னா வெறும் பீக்கர்லயும் அதே 100 மில்லி தண்ணிய ஊத்துங்க. எனக்குத் தெரிஞ்சு ப்ராஜெக்ட்டுங்கள்ல வர்ற அருமையான பர்சன்டேஜ்ல பாதி இந்தத் தண்ணிதான்.

எக்ஸ்ட்ராக்ட ரெண்டு மூணு நாளுக்கு மேல வெக்காதீங்க, எங்க லேப்ல தண்ணியில எடுத்து மேசையில மறந்த தேயிலைக் கஷாயம் அஞ்சாம் நாள் பூஞ்சை தொப்பி போட்டு நின்னுச்சு.

முக்கி வைக்கிறது, அப்புறம் நான் பட்ட பாடு

ஒரு பீக்கருக்கு ஒரு தகடு, ஒவ்வொரு அளவுக்கும் மூணு பீக்கர், வெறும் ஆசிட்டுக்கும் மூணு. தகடு முழுசா முங்கி அடியிலயும் பக்கத்துலயும் தொடாம தொங்கணும். போட்ட உடனே குமிழ் வராது, பயப்படாதீங்க, முதல்ல ஆக்சைடு தோல் கரையணும், அதுக்கு கொஞ்ச நேரம் ஆகும், அப்புறம்தான் சரசரன்னு பொங்க ஆரம்பிக்கும். 3 மணி நேரம் வைங்க. வெறும் பீக்கர் பாக்கறதுக்கு சோடா பாட்டில தொறந்த மாதிரி இருக்கும், தகட்டோட விளிம்புல இருந்து குமிழ் சங்கிலி சங்கிலியா ஏறும். லிட்டருக்கு 1 கிராம் போட்ட பீக்கர் லேசா செம்மண் தண்ணி கலர்ல இருக்கும், குமிழ் அங்கொண்ணு இங்கொண்ணா வந்து தகட்டுலயே ஒட்டி நின்னு, பெருசானதுக்கு அப்புறம் கழண்டு போகும். நாலஞ்சு வருஷமா பாக்கறேன், இன்னும் எனக்கு இது அலுக்கல.

இப்ப என் கதை. முதல் தடவை பண்ணப்ப தண்ணிய ஒரே சூட்டுல வெக்கிற வாட்டர் பாத் ஒண்ணுதான், பீக்கர் ரெண்டுதான் அதுல புடிக்கும். அதனால காலையில 40 டிகிரியில வெறும் ஆசிட் ரெண்டு, மதியம் எக்ஸ்ட்ராக்ட் ரெண்டுன்னு பிரிச்சு வெச்சேன். மதியம் பாதியில மீ பியெ, கரண்ட் போயிருச்சு, நான் கீழ லபெயே கடையில, அதான் டீக்கடையில, உக்காந்து வெட்டிக் கதை பேசிட்டு இருந்தேன், மேல வந்தப்ப கரண்ட் திரும்ப வந்து பாத் மறுபடி சூடாகிட்டு இருந்துச்சு, எனக்கு எதுவும் தெரியல. எடை போட்டா 90 சதவீதம் பாதுகாப்பு! அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, பேப்பர் எழுதலாம்னு தலைப்பு வரைக்கும் யோசிச்சுட்டேன். மறுநாள் எங்க சயாமா, அதாவது டீச்சரம்மா, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "வெறும் ஆசிட்டும் அதே நேரத்துல பக்கத்துலயே இருந்துச்சா?" திரும்ப செஞ்சேன், 62 வந்துச்சு. 10 டிகிரி கூடுனா கெமிக்கல் வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும்னு படிச்சிருக்கோம், அத திருப்பிப் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தோணவே இல்ல, பாத் ஆறிப் போனதுல அரிப்பு தானா படுத்துருச்சு, கூட வந்த அந்த 28ல வெங்காயம் சும்மா வேடிக்கைதான் பாத்துச்சு.

அதுக்கப்புறம் நான் பண்றது இதுதான். துணி ஊற வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்புல தண்ணி நிரப்பி, பீக்கர் எல்லாத்தையும் ஒரே டப்புல, ஒரே நேரத்துல. அவ்வளவு தண்ணி சீக்கிரம் சூடாகவும் செய்யாது ஆறவும் செய்யாது, கரண்ட் போனாலும் எல்லா பீக்கரும் ஒண்ணா ஆறும், அரைமணிக்கு ஒருதரம் தெர்மாமீட்டர பாத்து நோட்டுல எழுதுங்க. ரூம் டெம்பரேச்சர்னு மட்டும் எழுதி வெக்காதீங்க, நம்ம ஊர் ஏப்ரல் ரூமும் டிசம்பர் ரூமும் ஒண்ணா?

கழுவறது

எடுத்த உடனே குழாய்த் தண்ணியில அலசி, மெத்துன பல் பிரஷ்ல தடவி விடுங்க. தகட்டு மேல கருப்பா ஒரு படிவு இருக்கும், எக்ஸ்ட்ராக்ட் போட்டதுல பழுப்பா இருக்கும். அது அப்படியே நின்னா எடை கூடக் காட்டும், அதாவது இன்ஹிபிட்டர் தனக்கு சேராத பெருமைய வாங்கிக்கும். முறையா எடுக்கணும்னா கான்சன்ட்ரேட்டட் நைட்ரிக் ஆசிட்ல ரூம் சூட்டுல 1ல இருந்து 5 நிமிஷத்துக்குள்ள முக்கி எடுப்பாங்க. விசித்திரம் என்னன்னா அலுமினியத்துக்கு இந்த ஆசிட்ல பெருசா ஒண்ணும் ஆகாது, கான்சன்ட்ரேட்டட் நைட்ரிக்க அலுமினிய டேங்க்லயே ஏத்திட்டுப் போறாங்க. கூடவே ஆசிட் பக்கமே போகாத ஒரு புதுத் தகட்டையும் அதே நேரம் முக்கி, அதுல எவ்வளவு குறைஞ்சுச்சோ அத எல்லாத்துலயும் கழிச்சுருங்க. நைட்ரிக்கும் அசிட்டோனும் ஒரு நாளும் ஒண்ணு சேரக்கூடாது, தீப் பிடிக்கும், நல்லா தண்ணியில அலசின பிறகுதான் அடுத்தது. நைட்ரிக் கையாள பெரியவங்க பக்கத்துல இல்லன்னா பிரஷோட நிறுத்திக்குங்க, எல்லாத் தகட்டுக்கும் ஒரே மாதிரி பிரஷ் பண்ணா போதும். எங்க லேப்ல ஒரு தம்பி அழுக்கு போகலன்னு பாத்திரம் துலக்கற காஸ்டிக் பொடிய போட்டுத் தேய்ச்சுட்டான், எக்ஸ்ட்ராக்ட் போட்ட தகடு வெறும் தகட்ட விட அதிகமா குறைஞ்சு மைனஸ்ல பர்சன்டேஜ் வந்து நின்னுச்சு.

கணக்கு

உதாரணத்துக்கு வெறும் ஆசிட்ல 40 மில்லிகிராம் குறைஞ்சுச்சு, எக்ஸ்ட்ராக்ட்ல 10. 40ல 10 போனா 30, அத 40ஆல வகுத்து நூறால பெருக்கு, 75 சதவீதம். அரிப்பு வேகம் வருஷத்துக்கு எத்தன மில்லிமீட்டர்னு வேணும்னா, எடை குறைஞ்சத மில்லிகிராம்ல எடுத்து 87.6ஆல பெருக்கி, அடர்த்தி 2.7, பரப்பு 13, நேரம் 3 மணி, மூணோட பெருக்கலால வகுங்க. வெறும் ஆசிட்டுக்கு 33 மில்லிமீட்டர் வரும், எக்ஸ்ட்ராக்ட்டுக்கு 8. தகடே 1 மில்லிமீட்டர்தானே அண்ணா, எப்படி 33 கரையும்னு கேக்கறாங்க, அது வேகம் தம்பி, மணிக்கு 60 கிலோமீட்டர்ல போற பஸ் பத்து நிமிஷத்துல நின்னுடறது இல்லையா, அது மாதிரி.

தராசு மேல நம்பிக்கை இல்லன்னா இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. மூடி போட்ட ஃபிளாஸ்க்ல தகட்டப் போட்டு, டியூப் வழியா வர்ற ஹைட்ரஜன தண்ணியில கவுத்து வெச்ச 100 மில்லி மெஷரிங் சிலிண்டர்ல புடிங்க. 30 டிகிரியில 1 மில்லிகிராம் அலுமினியம் கரைஞ்சா, நீராவியும் சேத்து, சுமாரா 1.4 மில்லி வாயு. 40 மில்லிகிராமுக்கு 56 மில்லி, அதனாலதான் 50 மில்லி ப்யூரெட்ட வெக்காதீங்கன்னு சொல்றேன், வழிஞ்சு போயிரும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் குறிச்சா எப்ப தோல் உடைஞ்சுச்சு, எப்ப வேகம் எடுத்துச்சுன்னு கோடு வரைஞ்சே காட்டலாம். தராசுல வந்த எடையும் இந்த வாயுக் கணக்கும் ஒத்துப் போச்சுன்னா நீங்க தேறிட்டீங்க.

அடுத்த கட்டமா 30, 40, 50 டிகிரின்னு ஏத்திப் பாருங்க. சூடு கூடக் கூட பர்சன்டேஜ் இறங்குனா மூலக்கூறு தகட்டு மேல லேசா சாஞ்சுதான் நிக்குது, மின் ஈர்ப்புல நிக்கறது, சூட்டுல கழண்டுடும்னு பொதுவா எடுத்துக்குவாங்க. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல தகட்டுப் பரப்பு பாசிட்டிவா இருக்கும், குளோரைடு அது மேல போய் உக்காரும், ஆசிட்ல புரோட்டான் வாங்கிப் பாசிட்டிவ் ஆன ஆர்கானிக் மூலக்கூறு அந்தக் குளோரைடு மேல ஏறி உக்காரும்னு விளக்கம் சொல்றது. இதனாலதான் சிலர் ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடும் சேப்பாங்க, அயோடைடு குளோரைட விட நல்லா ஒட்டும், ரெண்டும் சேந்தா தனித்தனியா குடுக்கறத விட கூட வரும்.

லாங்மியர் கிராஃப் போடச் சொல்லி சயாமாங்க கேப்பாங்க, எக்ஸ்ட்ராக்ட் அளவு வகுத்தல் தகட்டுல மூடின பங்கு (பர்சன்டேஜ நூறால வகுத்தது) ஒரு பக்கம், அளவு இன்னொரு பக்கம். போடுங்க, ஆனா கோடு நேரா வந்துருச்சுன்னு ஆடாதீங்க. ரெண்டு பக்கமும் அளவு இருக்கறதால எதப் போட்டாலும் அது கிட்டத்தட்ட நேராத்தான் வரும், கோட்டோட சாய்வு 1க்குப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. அதுல இருந்து ஆற்றல் கணக்கு போட்டு மைனஸ் 20, மைனஸ் 40 கிலோஜூல்னு பேசறதெல்லாம் மோலார் எடை தெரிஞ்ச ஒத்தப் பொருளுக்கு சரி, வெங்காயத் தோல் கஷாயத்துல நூத்தெட்டு சாமான் கலந்து கிடக்கு, அதுக்கு மோல்னு எத சொல்லுவீங்க?

முடிஞ்சதும் மிச்ச ஆசிட்ட அப்படியே சாக்கடையில ஊத்தாதீங்க, ப்ளீச்சிங் பவுடர் பக்கமும் கொண்டு போகாதீங்க, குளோரின் வரும். ஒரு பிளாஸ்டிக் வாளியில ஊத்தி, நிறைய தண்ணி சேத்து, வாஷிங் சோடாவ கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க, நுரை பொங்கும், அவசரப்படாம நிக்கற வரைக்கும் போடுங்க. சோடா இல்லன்னா வெத்திலைக் கடை சுண்ணாம்பே போதும், அதுல நுரை வராது, பிஎச் பேப்பர் 7 பக்கம் வந்ததும் நிறுத்திடுங்க. அப்ப வாளி அடியில வெள்ளையா கஞ்சி மாதிரி ஒண்ணு தங்கும், அது உங்க தகட்டுல இருந்து போன அலுமினியம்தான், ஹைட்ராக்சைடா திரும்பி வந்திருக்கு. துணியில வடிகட்டி காய வெச்சு குப்பையில போட்டுட்டு, தெளிஞ்ச தண்ணிய ஊத்திடலாம்.